ஜிம்முக்குப் போவது வேறு, பலம் ஏற்றுவது வேறு

பின்னேரம் ஐந்தரைக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் எந்த ஜிம்முக்குள் போனாலும் ஆட்கள் நிறைந்திருப்பார்கள். ட்ரெட்மில்லில் இரண்டு பேர், கண்ணாடிக்கு முன்னால் டம்பெல்லோடு நாலு பேர், மெஷின்களில் இன்னும் சிலர். எல்லோரும் வியர்த்து விறுவிறுத்துத்தான் வீட்டுக்குப் போகிறார்கள். அவர்களில் ஒருவரிடம் இந்த மூன்று கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: போன புதன்கிழமை எத்தனை கிலோ தூக்கினீர்கள்? இன்றைக்கு எத்தனை கிலோ தூக்கப் போகிறீர்கள்? ஏன் அந்த அளவு? மூன்றுக்கும் யோசிக்காமல் பதில் சொல்லக்கூடியவர் பலப்பயிற்சி செய்கிறார். மற்றவர்கள் உடலுக்கு வேலை கொடுக்கிறார்கள்.

உடலுக்கு வேலை கொடுப்பது நல்ல காரியம்தான். பண்ணைக் கடற்கரையில் பின்னேரம் அரை மணித்தியாலம் வேகமாக நடக்கிறவரை யாரும் குறை சொல்ல முடியாது. வளர்ந்தவர்கள் கிழமைக்கு 150 நிமிடமாவது மிதமான உடல் உழைப்புச் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டி சொல்கிறது. ஆனால் அதே வழிகாட்டியில் பலரும் கவனிக்காத இன்னொரு வரியும் உண்டு: கிழமைக்கு இரண்டு நாளாவது தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சி வேண்டும். நடை அந்த இரண்டாவது வேலையைச் செய்யாது. கை போன போக்கில் டம்பெல் தூக்குவதும் முதல் சில கிழமைக்குப் பிறகு செய்யாது. ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

உடல் எப்போது பலமாகிறது

பழக்கமில்லாத பாரம் ஒன்று வந்தால் உடல் அதைத் தாங்கி, ஓய்வில் தன்னைத் திருத்தி, அடுத்த முறை அந்தப் பாரம் வந்தால் சமாளிக்கிற அளவுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தயாராகிறது. புதிதாகத் தொடங்குபவருக்கு இந்தச் சுற்று ஏறத்தாழ 48 மணித்தியாலத்தில் முடிந்துவிடும். இங்கே முக்கியமான சொல் 'பழக்கமில்லாத' என்பது. பாரம் பழகிவிட்டால் உடலுக்கு மாறவேண்டிய தேவை இல்லை.

சீமெந்து இறக்குகிற தொழிலாளியைப் பாருங்கள். ஒரு மூட்டை 50 கிலோ. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் தோளும் நாரியும் உளைந்து தள்ளும். இரண்டாம் மாதம் அந்த மூட்டை அவருக்குப் பெரிய விஷயமில்லை. அதற்குப் பிறகு பத்து வருடம் அதே மூட்டைதான். அவருடைய பலமும் அந்த மூட்டைக்குப் போதுமான இடத்தில் நின்றுவிடும். உழைப்பில் குறையில்லை, வியர்வையில் குறையில்லை. பாரம் ஏறவில்லை, அதனால் பலமும் ஏறவில்லை. மூன்று வருடமாக அதே பத்துக் கிலோ டம்பெல்லைத் தூக்கிக்கொண்டிருப்பவரின் நிலையும் இதுதான்.

இதை வைத்தியத்தில் முறையாகச் செய்து காட்டியவர் தோமஸ் டிலோம் என்ற அமெரிக்க இராணுவ வைத்தியர். இரண்டாம் உலகப்போரில் காலில் காயப்பட்டு வந்த சிப்பாய்களுக்கு அப்போது கொடுத்த பயிற்சி, சின்னப் பாரத்தைப் பல தடவை அசைப்பது. டிலோம் அதை மாற்றி, பத்துத் தடவை மட்டுமே தூக்கக்கூடிய கனமான பாரத்தைக் கொடுத்தார். பலம் கூடக்கூடப் பாரத்தையும் கூட்டினார். மெலிந்துபோன தொடைத் தசைகள் திரும்பி வந்தன. 1945இல் அவர் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். ஆரம்பத்தில் ஏழு முதல் பத்து செற் (ஓய்வெடுக்காமல் தொடர்ந்து தூக்கும் ஒரு சுற்று) வரை செய்வித்தவர், 1948இல் மூன்று செற் போதும் என்று குறைத்தார். இன்றைக்கு உலகம் முழுவதும் 'மூன்று செற்' என்று சொல்வதற்குப் பின்னால் அவருடைய வேலை பெருமளவுக்கு இருக்கிறது.

இப்போது உளைவைப் பற்றி ஒரு வார்த்தை. அடுத்த நாள் படியேற முடியாமல் தொடை உளைந்தால் 'நல்லா வேலை செய்திருக்கு' என்று சந்தோஷப்படுகிற வழக்கம் இருக்கிறது. உளைவு சொல்வது ஒன்றைத்தான்: பழக்கமில்லாத அசைவைச் செய்திருக்கிறீர்கள். 24 முதல் 72 மணித்தியாலத்துக்குள் அது உச்சத்துக்குப் போய்ப் பிறகு தணியும். ஒவ்வொரு நாளும் புதுப்புது அசைவாக மாற்றிக்கொண்டே இருந்தால் எப்போதும் உளையும், ஆனால் எந்த அசைவிலும் பாரம் ஏறாது. 'தசையைக் குழப்ப வேண்டும்' என்று நாளுக்கொரு பயிற்சி கொடுக்கிற பயிற்றுநர்கள் கெடுப்பது இந்த இடத்தில்தான். குழம்புவது கணக்குத்தான்.

திட்டம்

தொடங்குபவருக்குக் கிழமைக்கு மூன்று நாள் போதும்: திங்கள், புதன், வெள்ளி. இடையில் ஒரு நாள் ஓய்வு கட்டாயம். இரண்டு பட்டியலை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். முதலாவதில் ஸ்குவாற் (தோளில் பாரத்தோடு குந்தி எழும்புவது), நின்றபடி தலைக்கு மேல் தூக்கும் பிரஸ், டெட்லிஃப்ற் (நிலத்திலிருக்கும் பாரத்தைக் குனிந்து பிடித்து நிமிர்வது). இரண்டாவதில் ஸ்குவாற், பெஞ்ச் பிரஸ் (பெஞ்சில் மல்லாந்து படுத்து நெஞ்சிலிருந்து மேலே தள்ளுவது), டெட்லிஃப்ற். ஸ்குவாற்றும் இரண்டு பிரஸ்ஸும் ஐந்து தடவை வீதம் மூன்று செற். டெட்லிஃப்ற் ஐந்து தடவை ஒரே ஒரு செற், ஏனென்றால் அது நாரியையும் முழு உடலையும் அதிகம் களைக்கச் செய்யும். நாலைந்து கிழமை போனதும் இரண்டாவது பட்டியலில் டெட்லிஃப்றை எடுத்துவிட்டுக் கம்பியில் தொங்கி எழும்புவதைச் சேர்க்கலாம். கைக்கும் வயிற்றுக்கும் தனியாக எதுவும் தொடக்கத்தில் தேவையில்லை. நான்கு அசைவு குறைவாகத் தெரியலாம். ஆனால் நாலைந்து பெரிய மூட்டுகளை ஒன்றாக அசைத்து, மாதக்கணக்கில் பாரம் கூட்டிக்கொண்டு போகக்கூடிய அசைவுகள் மிகச் சிலதான்.

முதல் நாள் எத்தனை கிலோ? வெறும் பாரோடு, அதாவது பாரம் எதுவும் கோர்க்காத நீள இரும்புக் கம்பியோடு, ஐந்து தடவை. சுலபமாக இருந்தால் ஐந்து அல்லது பத்துக் கிலோ கூட்டித் திரும்ப ஐந்து. பார் ஏறுகிற வேகம் குறைகிற இடம் வந்ததும் நிறுத்துங்கள். அதுதான் உங்கள் தொடக்க நிறை. அதே நிறையில் இன்னும் இரண்டு செற் செய்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். 'இது காணாதே' என்று தோன்றும். தோன்ற வேண்டும். அடுத்த நாள் ஸ்குவாற்றில் 2.5 கிலோ கூட்டப் போகிறீர்கள், அதற்கடுத்த நாளும் அப்படியே. மாதத்துக்குப் பன்னிரண்டு நாள் என்றால் 30 கிலோ. எவ்வளவு குறைவாகத் தொடங்கினாலும் கணக்கு உங்களைக் கூட்டிக்கொண்டு போகும். டெட்லிஃப்றில் முதல் இரண்டு மூன்று கிழமை 5 கிலோ வீதம் கூட்டலாம். தலைக்கு மேல் தூக்கும் பிரஸ்ஸில் 2.5 கிலோகூடச் சீக்கிரம் பெரிதாகிவிடும். 1 கிலோ வீதம் போவதே நல்லது.

இங்கேதான் நமது ஜிம்களின் பெரிய குறை வருகிறது. பல இடங்களில் மிகச் சிறிய பிளேற் (பாரின் முனையில் கோர்க்கும் வட்டத் தட்டு) 2.5 கிலோ. இரண்டு பக்கமும் போட்டால் ஒரே பாய்ச்சலில் 5 கிலோ. 80 கிலோ ஸ்குவாற்றில் அது ஆறு வீதம், சமாளிக்கலாம். 30 கிலோ பிரஸ்ஸில் அது பதினேழு வீதம், முடியவே முடியாது. 'எனக்குத் தோள் பலம் வராது' என்று பலர் கைவிடுவதற்குக் காரணம் தோளில் இல்லை, பிளேற்றில் இருக்கிறது. 1.25 கிலோ பிளேற் ஒரு சோடி சொந்தமாக வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் அரைக் கிலோ இரும்பு வளையம் இரண்டு கடைந்து தரச் சொன்னால் செய்து தருவார்கள். பாரில் பிளேற் கோர்க்கும் முனையின் விட்டத்தை அளந்துகொண்டு போங்கள், 25 மில்லிமீற்றர் பாரும் இருக்கிறது, 50 மில்லிமீற்றர் பாரும் இருக்கிறது.

பாரின் நிறையையும் ஒருமுறை தராசில் வைத்துப் பாருங்கள். போட்டிகளில் ஆண்களுடைய பார் 20 கிலோ. பளுதூக்கலில் பெண்களுடையது 15. உள்ளூரில் கிடைக்கும் மெல்லிய பார்கள் பத்துக் கிலோவுக்குக் குறைவாகக்கூட இருக்கும். ஒரு நாள் ஒரு பார், மறுநாள் வேறு பார் என்று தூக்கினால், தூக்கிய நிறையைக் கொப்பியில் எழுதுவதற்கு அர்த்தமில்லை. தண்டவாளத்தில் வழுக்கி ஏறி இறங்கும் ஸ்மித் மெஷினில் தூக்கிய நிறையையும் இதோடு சேர்த்துக் கணக்குப் போடக்கூடாது. அங்கே பாரை நேராக வைத்திருக்கிற வேலையை மெஷின் செய்கிறது, நீங்கள் செய்யவில்லை.

ஸ்குவாற்: கொஞ்சம் கிட்ட நின்று பார்ப்போம்

பாரை றாக்கில் (பாரைத் தாங்கும் இரும்புச் சட்டம்) நெஞ்சின் நடு உயரத்துக்கு வையுங்கள். குதிக்காலை உயர்த்தித்தான் எடுக்க முடிகிறது என்றால் பார் உயரமாக இருக்கிறது. கழுத்து எலும்பில் படாமல், தோளின் பின்பக்கத் தசைமேல் பாரை இருத்தி, இரண்டடி பின்னால் வந்து நில்லுங்கள். பாதங்கள் தோள் அகலம், பெருவிரல்கள் ஏறத்தாழ 30 பாகை வெளியே பார்க்க வேண்டும். பெரிய மூச்சொன்றை இழுத்து அடக்கி, வயிற்றை இறுக்கிக்கொண்டு குந்துங்கள். முழங்கால் பாதம் பார்க்கும் திசையிலேயே போக வேண்டும். இடுப்பு மடிப்பு முழங்காலின் மேற்பகுதியைவிடக் கீழே இறங்கியதும் எழும்புங்கள். மேலே வந்த பிறகுதான் மூச்சை விடலாம்.

அதிகம் நடக்கிற பிழை அரைகுறையாக இறங்குவது. அரைவாசி இறங்கினால் நிறைய நிறை போடலாம், பார்ப்பதற்கு வடிவாகவும் இருக்கும். ஆனால் தொடையின் பின்பக்கமும் இடுப்பும் குறைவாகவே வேலை செய்யும். இரண்டாவது, எழும்பும்போது முழங்கால் உள்ளே மடிவது. இறங்கும்போதே முழங்காலை வெளியே தள்ளிக்கொண்டு போனால் திருந்தும். மூன்றாவது, குதிக்கால் கிளம்புவது. பாரம் பாதத்தின் நடுவில் இல்லாமல் விரல்களுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். ஓடுவதற்கென்று வாங்கிய, பஞ்சுபோன்ற அடியுள்ள சப்பாத்து இதை இன்னும் மோசமாக்கும். தட்டையான, கடினமான அடியுள்ள கன்வஸ் சப்பாத்துப் போதும். பாத்ரூம் செருப்போடு ஸ்குவாற் செய்வதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

டெட்லிஃப்றில் பார் பாதத்தின் நடுவுக்கு நேர் மேலே, முன்னங்காலிலிருந்து இரண்டு மூன்று சென்ரிமீற்றர் தள்ளி இருக்க வேண்டும். குனிந்து பிடித்து, முன்னங்கால் பாரில் தொடும்வரை முழங்காலை மடித்து, நெஞ்சை நிமிர்த்தி நாரியை நேராக்கிய பிறகே தூக்கத் தொடங்குங்கள். நாரி வளைவதற்குப் பாதிக் காரணம் பார் மிகவும் தாழ்வாக இருப்பது. முறையான பெரிய பிளேற்றின் விட்டம் 45 சென்ரிமீற்றர், அதனால் பார் நிலத்திலிருந்து 22.5 சென்ரிமீற்றர் உயரத்தில் நிற்கும். பத்துக் கிலோ சின்ன இரும்புப் பிளேற் போட்டால் அது இன்னும் கீழே இறங்கிவிடும். இரண்டு பக்கமும் பலகை அடுக்கி உயரத்தைச் சரிசெய்யுங்கள்.

பெஞ்ச் பிரஸ்ஸைத் தனியாகச் செய்வதானால் பாதுகாப்புக் கம்பியுள்ள றாக்குக்குள் செய்யுங்கள். அது இல்லையென்றால் பிளேற்றைப் பூட்டும் கிளிப்பைப் போடாதீர்கள். பார் நெஞ்சில் இறங்கி நின்றுவிட்டால் ஒரு பக்கம் சரித்துப் பிளேற்றை விழுத்தித் தப்பலாம். பெருவிரல் எப்போதும் பாரைச் சுற்றியே இருக்க வேண்டும்.

கொப்பி

ஒரு சின்னக் கொப்பியும் பேனையும். கைபேசியிலும் எழுதலாம், ஆனால் செற்றுக்கு நடுவில் கைபேசியைத் திறந்தவர் கொப்பியில் மட்டும் எழுதிவிட்டு மூடுவது அபூர்வம். ஒரு நல்ல பக்கம் இப்படி இருக்கும்:

புதன். ஸ்குவாற் 52.5: 5, 5, 5. கடைசித் தடவை முழங்கால் உள்ளே வந்தது. பிரஸ் 27.5: 5, 5, 4. இடையில் 2 நிமிடம்தான் ஓய்வு. டெட்லிஃப்ற் 70: 5. முதல்நாள் இரவு நித்திரை 5 மணித்தியாலம்.

இந்த ஐந்து வரியில் அடுத்த நாளைக்கான கட்டளை முழுக்க இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஸ்குவாற் 55, முழங்காலைக் கவனி. அடுத்த பிரஸ் நாளில் அதே 27.5, ஆனால் ஓய்வு 4 நிமிடம். எழுதாமல் போனவர் கடைசிச் செற் நாலு தடவையோடு நின்றதை மறந்துவிட்டு, மனதுக்குப் பட்ட நிறையைப் போடுவார்.

ஓய்வைப் பற்றிச் சொன்னதால் அதையும் தெளிவாக்கிவிடலாம். கனமான செற்றுக்கு நடுவில் மூன்று முதல் ஐந்து நிமிடம் இருங்கள். தசை உடனடியாக எரிக்கும் சக்தி பெரும்பாலும் திரும்பி வர அவ்வளவு நேரம் தேவை. ஒரு நிமிடத்தில் அடுத்த செற்றுக்குப் போகிறவருக்கு மூச்சுத்தான் முதலில் தோற்கும், பலம் சோதிக்கப்படவே இல்லை. வியர்வை குறைகிறதே என்று பயப்படாதீர்கள். சித்திரை வெயிலில் இங்கே சும்மா கதிரையில் இருந்தாலும் வியர்க்கும்.

வோர்ம்-அப் நீட்டத் தேவையில்லை. அன்றைக்கு ஸ்குவாற் 60 கிலோ என்றால் 20 கிலோ பாரோடு ஐந்து தடவை இரண்டு செற், 35இல் ஐந்து, 45இல் மூன்று, 55இல் இரண்டு, பிறகு 60இல் உண்மையான மூன்று செற். அதற்கு முன்னால் இருபது நிமிடம் ட்ரெட்மில்லில் ஓடினால் காலின் பலத்தில் ஒரு பங்கை அங்கேயே விட்டுவிட்டு வருவீர்கள். ஓட விருப்பமென்றால் பயிற்சி முடிந்த பிறகோ ஓய்வு நாளிலோ ஓடுங்கள்.

ஐந்து தடவை முடியாமல் போகும் நாள் கட்டாயம் வரும். அன்றைக்கு நிறையை உடனே குறைக்காதீர்கள். முதலில் கொப்பியைப் பாருங்கள்: ஓய்வு காணாமல் போனதா, பாய்ச்சல் பெரிதா, நித்திரையும் சாப்பாடும் குறைந்ததா? அதைத் திருத்தி, அதே நிறையைத் திரும்பச் செய்யுங்கள். தொடர்ந்து மூன்று நாள் ஒரே நிறையில் தோற்றால் பத்து வீதம் குறைத்து, அங்கிருந்து திரும்ப ஏறி வாருங்கள்.

சாப்பாடும் நித்திரையும்

பலம் கூடுவது ஜிம்மில் இல்லை, அதற்குப் பிறகு வரும் இரண்டு இரவில். ஏழு மணித்தியாலத்துக்குக் குறையாத நித்திரை வேண்டும். புரதம் உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு 1.6 கிராம் அளவில் வைத்துக்கொள்ளுங்கள். 65 கிலோ ஆளுக்கு 104 கிராம். காலையில் புட்டும் சம்பலும், மத்தியானம் ஒரு மலை சோறும் ஒரு துண்டு மீனும், இரவு இடியப்பமும் சொதியும் என்று சாப்பிட்டால் அந்த அளவு வராது. புட்டை விடச் சொல்லவில்லை. மூன்று முட்டை சேர்த்தால் 18 கிராம், மத்தியானம் சமைத்த மீன் 150 கிராம் என்றால் 30க்கு மேல், பின்னேரம் ஒரு கோப்பை அவித்த கடலை 13, ஒரு குவளை பால் 6 அல்லது 7, இரவு நூறு கிராம் கோழி 27. மிச்சத்தைச் சோறும் பருப்பும் நிரப்பிவிடும். டப்பாவில் வரும் புரத மா எதுவும் இதற்குக் கட்டாயமில்லை.

வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடாத வீடுகளிலும், நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் மரக்கறியோடு இருப்பவர்களும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். காய்ந்த சோயா மீற் 50 கிராமில் ஏறத்தாழ 25 கிராம் புரதம் உண்டு. பயறு, பருப்பு நூறு கிராமில் (சமைக்க முன்) 24 அளவில் இருக்கும். பாலும் தயிரும் இருக்கின்றன. கணக்கு எட்டும், ஆனால் தானாக எட்டாது. கந்தசஷ்டி விரதம் ஆறு நாளும் பிடிப்பவர்கள் அந்தக் கிழமையில் பாரம் கூட்டவே வேண்டாம். விரதம் முடிந்து இரண்டு நாள் வடிவாகச் சாப்பிட்டுவிட்டுப் பத்து வீதம் குறைத்துத் தொடங்கினால் ஒன்றிரண்டு கிழமைக்குள் பழைய இடத்துக்கு வந்துவிடலாம்.

பெண்களுக்கும் வயது போனவர்களுக்கும் திட்டம் இதேதான். தொடக்க நிறையும் கூட்டும் அளவும் மட்டும் சிறிதாகும். பாரம் தூக்கினால் ஆம்பிளை மாதிரி ஆகிவிடுவோம் என்ற பயம் வீண். அறுபது வயதானவருக்குக் கதிரையிலிருந்து கையூன்றாமல் எழும்புவதே முதல் ஸ்குவாற்றாக இருக்கலாம். பிறகு கதிரையின் உயரத்தைக் குறைப்பார், அதுதான் அவருடைய பாரம் ஏறுவது. சாப்பாட்டுக்குப் பிறகு இரத்தத்தில் ஏறும் சீனியின் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசைதான் என்பதால் சலரோகக்காரருக்கு இந்தப் பயிற்சி மிகவும் பயனுள்ளது. ஆனால் இன்சுலினோ சீனியைக் குறைக்கும் குளிசையோ எடுப்பவர்களும், பிரஷர் உள்ளவர்களும் கிளினிக் கொப்பியோடு வைத்தியரிடம் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். சீனி திடீரென இறங்கலாம். மூச்சை அடக்கித் தூக்கும்போது பிரஷர் சற்று நேரம் ஏறும்.

நாளுக்கு நாள் பாரம் கூட்டும் இந்தக் கட்டம் பெரும்பாலானவர்களுக்கு மூன்று முதல் ஆறு மாதம் போகும். இரண்டு தடவை பத்து வீதம் குறைத்து ஏறி வந்தும் அதே இடத்தில் நின்றால், 48 மணித்தியாலத்தில் மீளக்கூடிய எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். அதற்குப் பிறகு கணக்கைக் கிழமைக்கு மாற்றுங்கள். திங்கள் ஐந்து தடவை ஐந்து செற், வெள்ளிக்கிழமை நிறையின் 90 வீதத்தில். புதன் இரண்டு செற் மட்டும், திங்கள் நிறையின் 80 வீதத்தில். வெள்ளி ஒரே ஒரு செற், போன வெள்ளியைவிட 2.5 கிலோ கூட. அதுவும் நிற்கும் கட்டம் பலருக்கு ஒரு வருடத்துக்குப் பிறகே வரும். அப்போது மாதக் கணக்கில் திட்டம் போட வேண்டும். அதைத் தனியாகச் செய்யாமல், உங்கள் கொப்பிகளை முதல் பக்கத்திலிருந்து வாசித்துப் பார்க்கத் தயாரான ஒரு பயிற்றுநரைத் தேடுங்கள்.